மார்பகப் புற்றுநோயில் நிலை அறிதலும் தொடர் கண்காணிப்பும்: மருத்துவப் படங்களின் பங்கு

மார்பகத்தில் இருப்பது புற்றுநோய்தான் என்று திசுச் சோதனை உறுதி செய்தவுடன், நோயாளியோடு வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எந்த ஸ்டேஜ்?’ என்பதாகவே இருக்கும். மருத்துவர் தயங்கினால் எதையோ மறைக்கிறார் என்று பொருளில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் முழு விடை இருப்பதில்லை. கட்டி எவ்வளவு பெரியது, அக்குளுக்குப் போயிருக்கிறதா, அதையும் தாண்டி எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போயிருக்கிறதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் நிலையைச் சொல்ல முடியும். இவற்றில் எதற்கு எந்தப் படம் வேண்டும், எதற்குப் படமே வேண்டியதில்லை என்று பிரித்தறிவதில்தான் கதிரியல் துறையின் திறமை இருக்கிறது. எந்திரத்தின் விலைக்கும் அந்தத் திறமைக்கும் தொடர்பில்லை.

இந்த மூன்று கேள்விகளையும் ஒரு குறியீட்டு முறையாக வகுத்தவர் பிரான்சின் குஸ்தாவ் ரூசி நிலையத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பியேர் தெனுவா. 1943-க்கும் 1952-க்கும் இடையில் அவர் அமைத்த டிஎன்எம் முறையில் டி என்பது கட்டி, என் என்பது நிணநீர்க் கணு, எம் என்பது தொலைவுப் பரவல். மார்பகத்தில் 20 மில்லிமீட்டர் வரையுள்ள கட்டி டி1. அதற்கு மேல் 50 வரை டி2. ஐம்பதைத் தாண்டினால் டி3. தோலிலோ மார்புச் சுவரிலோ ஊடுருவினால் அளவு எதுவானாலும் டி4. மார்புத் தசையில் மட்டும் ஒட்டியிருந்தால் அது டி4 ஆகாது என்ற நுணுக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது கடினம். அங்கே எம்ஆர்ஐ கைகொடுக்கும்.

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு விதிநூலின் எட்டாம் பதிப்பு, இந்த மூன்றோடு கட்டியின் தரம், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. ஒரே அளவுள்ள இரு கட்டிகள் இன்று இரு வேறு நிலைகளில் வைக்கப்படலாம். இதனால் படங்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் நிலையைப் படம் மட்டுமே சொல்லிவிடும் என்ற எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அதே விதிநூலில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. தொலைவுப் பரவல் இல்லை என்று, அதாவது எம்0 என்று, எழுதுவதற்கு ஸ்கேன் கட்டாயமில்லை. நோயாளியின் வாய்மொழி வரலாறும் உடற்பரிசோதனையும் போதும். ஸ்கேன் எடுக்காமல் எப்படி ஸ்டேஜ் சொன்னார்கள் என்று கோபிப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

மார்பகத்தைக் கதிர்ப்படம் எடுக்கும் வழக்கம் நோய் கண்டறிவதற்காகத் தொடங்கியதன்று. பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, கட்டி எப்படிப் பரவுகிறது என்பதை 1913-இல் எழுதினார். யூதர் என்பதால் நாஜி ஆட்சி அவர் பணியைப் பறித்தது. ஓவியரான அவர் மகள் சார்லட் 1943-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். சாலமன் செய்த அதே வேலை இன்றும் அறுவை அரங்கில் நடக்கிறது. வெட்டி எடுத்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, கட்டி ஓரத்தைத் தொடுகிறதா, கால்சியத் துகள்கள் முழுவதும் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே காயத்தைத் தைக்கிறார்கள். உயிருள்ள பெண்ணுக்குத் துல்லியமான படம் எடுக்கும் நுட்பம் பிறகுதான் வளர்ந்தது. மார்பகத்தை அழுத்திப் பிடிப்பதன் பயனையும், நுண்ணிய கால்சியத் துகள்களின் பொருளையும் எடுத்துக் காட்டியவர் உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன். 1960-இல் ஹூஸ்டனின் ராபர்ட் ஈகன் பிற மருத்துவமனைகளும் பின்பற்றக்கூடிய முறையை வெளியிட்டார். மார்பகத்துக்கென்றே செய்த எந்திரம் 1960-களின் இடையில் பிரான்சிலிருந்து வந்தது.

நிலை அறிவதற்கான மேமோகிராமில் கட்டியின் அளவைப் போலவே கட்டிக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். 15 மில்லிமீட்டர் கட்டியைச் சுற்றி 60 மில்லிமீட்டர் பரப்பில் கால்சியத் துகள்கள் சிதறியிருந்தால், பால் நாளத்துக்குள் அடங்கிய புற்று அவ்வளவு தூரம் பரவியிருக்கக்கூடும். ஊடுருவிய பகுதி மட்டுமே டி கணக்கில் வருவதால் அவருடைய நிலை டி1. ஆனால் மார்பகத்தைக் காக்கும் அறுவை அவருக்குப் பொருந்தாமல் போகலாம். நிலை ஒன்று சொல்கிறது, அறுவைத் திட்டம் வேறொன்று கேட்கிறது. அறிக்கையில் இரண்டையும் தனித்தனியே எழுதாவிட்டால் குழப்பம் வரும். இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்வதுண்டு: ஒரே மார்பில் 18, 15 மில்லிமீட்டரில் இரு கட்டிகள் இருந்தால் கூட்டி 33 என்று எழுதி டி2 ஆக்கிவிடுவது. விதிப்படி பெரியதை மட்டும் எடுக்க வேண்டும், அது டி1.

இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்ந்தது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. இந்தியாவில் இந்நோய்க்கு ஆளாகும் பெண்களின் சராசரி வயது மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டு குறைவு என்பதால், இங்கே மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்தே நடக்கிறது. அல்ட்ராசவுண்ட் கட்டியைச் சற்றுக் குறைத்து அளப்பதுண்டு. எம்ஆர்ஐ சில நேரம் கூட்டிச் சொல்லும். மூன்று அளவுகளும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாதபோது எந்த அளவை நம்புவது என்பதை அறுவை மருத்துவரும் கதிரியல் மருத்துவரும் படங்களை நடுவில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும்.

எம்ஆர்ஐயின் அடிப்படை எளியது. புற்று தனக்கென வளர்த்துக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் கசியும் தன்மை உடையவை. கடோலினியம் மருந்தைச் சிரையில் செலுத்தினால் கட்டிக்குள் விரைந்து ஏறி, பெரும்பாலும் விரைந்தே இறங்கும். மற்ற முறைகள் காணாததை அது காணும் என்பதில் ஐயமில்லை. ஒரு மார்பில் புற்றுநோய் உறுதியாகி, மறு மார்பு மேமோகிராமில் தெளிவாக இருந்த 969 பெண்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது 30 பேரின் மறு மார்பிலும் புற்று இருந்தது. இந்த முடிவு 2007-இல் வெளியானது. அப்படியானால் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனின் காமிஸ் ஆய்வு அதைத்தான் சோதித்தது. 45 மையங்களில் 1,623 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அறுவைக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தார்கள். முதல் அறுவை போதாமல் மறுபடி அறுக்க வேண்டி வந்தவர்கள் இரு குழுவிலும் 19 சதவீதம். கூடுதலாகக் கண்டது கூடுதல் பயனாக மாறவில்லை.

ஆகவே எம்ஆர்ஐ சிலருக்கே உரியது. படர்ந்து வளரும் லோபுலார் வகை, மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் முரண்படும் அடர்ந்த மார்பகம், பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், அறுவைக்கு முன்பே கீமோ பெறப்போகிறவர்கள் ஆகியோருக்கு அது பயன் தரும். அக்குளில் புற்றுக் கணு இருந்தும் மார்பகத்தில் எதுவும் அகப்படாத அரிய நேரத்தில் எம்ஆர்ஐக்கு ஈடில்லை. எம்ஆர்ஐயில் மட்டும் தெரியும் புள்ளியை ஊசியால் சோதிக்காமல் மார்பகம் முழுவதையும் அகற்றிவிடக் கூடாது என்பது அதனோடு ஒட்டிய விதி.

இரண்டாவது கேள்வி அக்குள். ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அதே நிணநீர்க் கணுதான். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதுபோல், மார்பகத்தின் வடிகால் பெரும்பகுதி அக்குளில் போய்ச் சேர்கிறது. நல்ல கணு அல்ட்ராசவுண்டில் சிறுநீரக வடிவில், நடுவில் கொழுப்பு மையத்தோடு தெரியும். வெளிப்பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தாலோ, கொழுப்பு மையம் மறைந்து கணு உருண்டு திரண்டாலோ, படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி குத்தித் திசு எடுக்கிறார்கள். கையால் தொட்டுப் பார்ப்பது இங்கே நம்பத்தக்கதன்று. பெரிதாகத் தட்டுப்படும் கணு வெறும் அழற்சியாகவும், தட்டுப்படாதது புற்றாகவும் இருப்பதுண்டு.

அக்குளோடு நின்றுவிடவும் முடியாது. காறை எலும்புக்குக் கீழும் மேலும் உள்ள கணுக்களும், மார்பெலும்பின் பக்கவாட்டில் விலா இடுக்குகளில் ஒளிந்திருக்கும் கணுக்களும் நிலையைப் புரட்டிப்போடும். காறை எலும்புக்கு மேலே ஒரு புற்றுக் கணு இருந்தாலே அது என்3. தொலைவுப் பரவல் இல்லாவிட்டாலும் உடற்கூற்று நிலை மூன்றின் கடைசிப் படிக்குப் போய்விடும். மார்பெலும்பை ஒட்டிய கணுவை விரல் பெரும்பாலும் எட்டாது. கதிர்வீச்சுச் சிகிச்சையின் எல்லையை வரைபவருக்கு இந்தத் தகவல் இல்லாவிட்டால் நோய் இருக்கும் இடமே எல்லைக்கு வெளியில் நின்றுவிடும்.

அக்குள் அல்ட்ராசவுண்டின் மதிப்பை அண்மையில் உயர்த்தியது சவுண்ட் என்ற ஆய்வு. இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஸ்பெயின், சிலி நாடுகளில் 2 சென்டிமீட்டர் வரை கட்டியும் அல்ட்ராசவுண்டில் தெளிவான அக்குளும் உள்ள பெண்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் சென்டினல் கணு, அதாவது மார்பகத்தின் நிணநீர் முதலில் சென்று சேரும் கணு, எடுக்கப்பட்டது. மற்றொரு குழுவின் அக்குளைத் தொடவே இல்லை. 2023-இல் வெளியான முடிவில் 1,405 பேர் கணக்கிடப்பட்டார்கள். ஐந்தாண்டுகளில் தொலைவுப் பரவலின்றி வாழ்ந்தவர்கள் அறுவைக் குழுவில் 97.7 சதவீதம், தொடாத குழுவில் 98.0 சதவீதம். தேர்ந்த கையால் செய்யப்படும் ஒரு சாதாரண ஸ்கேன், தகுதியுள்ள பெண்களுக்கு ஓர் அறுவையையே தவிர்க்க உதவுகிறது. அக்குள் அறுவையால் வந்த கை வீக்கத்தோடு வருடக்கணக்கில் அல்லற்பட்டவர்களுக்கு இதன் பெறுமதி புரியும்.

மூன்றாவது கேள்வியில்தான் தேவையற்ற படங்கள் குவிகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எலும்பு ஸ்கேனில் பரவல் கண்டறியப்பட்டது முதல் நிலையில் 0.5 சதவீதம், இரண்டாம் நிலையில் 2.4, மூன்றாம் நிலையில் 8.3. முதல் நிலைப் பெண்கள் 200 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒருவருக்கு உண்மையான பரவல் தெரியும். மற்றவர்களில் சிலருக்கு மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும் சந்தேகப் புள்ளிகளாகத் தெரிந்து, மேலும் ஸ்கேன், மேலும் ஊசி, சிகிச்சையில் வாரக்கணக்கில் தாமதம் என்று போகும். எலும்பு ஸ்கேன் காட்டுவது புற்றை அல்ல. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தை. டெக்னீசியம் ஏற்றிய மருந்து அப்படிப் புதுப்பிக்கும் இடமெல்லாம் சென்று படியும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-இலேயே, பரவும் அபாயம் குறைந்த தொடக்க நிலை நோய்க்கு பெட், சிடி, எலும்பு ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. எலும்பு வலி, இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்வு, விடாத இருமல் போன்ற அறிகுறி இருந்தால் கணக்கு வேறு.

நோய் முற்றியிருக்கும்போது நிலைமை தலைகீழ். அதே ஒன்டாரியோவில், இரண்டாம் நிலையின் பிற்பகுதியிலும் மூன்றாம் நிலையிலும் இருந்த 369 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு பெட் சிடியும் மறு பாதிக்கு வழக்கமான சிடி, எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். நான்காம் நிலைக்கு மாறியவர்கள் பெட் குழுவில் 23 சதவீதம், மற்றதில் 11 சதவீதம். 2023-இல் வந்த இந்த முடிவு, கட்டி பெரிதாகி, கணுக்கள் திரண்டு வரும் பெண்கள் நிறைந்த இந்திய மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பொருந்தும். மார்பு சிவந்து வீங்கும் அழற்சி வகைக்கும் பெட் சிடி தகுந்தது.

ஆனால் பெட் ஸ்கேனுக்கு நம் நாட்டில் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரையைப் போன்ற எஃப்டிஜி மருந்தை அதிகம் உறிஞ்சும் இடம் ஒளிரும். புற்று மட்டும் சர்க்கரைக்கு ஆசைப்படுவதில்லை, காசநோயும் உறிஞ்சும். நுரையீரலிலும் மூச்சுக் குழாயை ஒட்டிய கணுக்களிலும் பழைய காசநோய் ஒளிர்ந்து பரவல் போலவே தோன்றும். கோவிட் தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள் வாரக்கணக்கில் ஒளிர்ந்ததை 2021-இல் உலகெங்கும் கண்டார்கள். ஆகவே ஒரே ஓர் இடத்தில் ஒளிரும் புள்ளியை வைத்து நான்காம் நிலை என்று எழுதும் முன் திசு எடுத்துப் பார்ப்பதே முறை. குணப்படுத்தும் சிகிச்சையா, நோயைக் கட்டுக்குள் வைக்கும் சிகிச்சையா என்ற முடிவு அந்த ஒரு புள்ளியில் தொங்குகிறது. மறுபுறம், லோபுலார் புற்று எஃப்டிஜியைக் குறைவாகவே உறிஞ்சும். மூளை இயல்பாகவே சர்க்கரை உண்பதால் அங்குள்ள சிறு பரவல் பெட்டில் மறைந்துபோகும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டும் எஃப்இஎஸ் என்ற வேறொரு மருந்துக்கு 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. லோபுலார் வகையில் அதன் பயன் ஆராயப்படுகிறது.

அறுவைக்கு முன் கீமோ தரும் வழக்கம் பெருகிய பிறகு படங்களுக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. கட்டி கரைகிறதா என்று தொடக்கத்திலும் இறுதியிலும், தேவைப்பட்டால் இடையிலும் பார்க்க வேண்டும். இதற்கு எம்ஆர்ஐ சிறந்தது. ஆனாலும் எம்ஆர்ஐயில் கட்டி முற்றிலும் மறைந்ததும், நுண்ணோக்கியில் ஒரு செல்கூட இல்லாததும் ஒன்றல்ல. மருந்து நன்றாக வேலை செய்தால் வேறொரு சங்கடமும் உண்டு: அறுவை மருத்துவருக்கு அறுக்க இடம் தெரியாமல் போகும். ஆகவே கீமோ தொடங்கும் முன்பே, எள்ளளவு உலோக கிளிப் ஒன்றைக் கட்டிக்குள் வைத்துவிட வேண்டும். புற்று உறுதியான அக்குள் கணுவிலும் ஒன்றை வைத்தால், சென்டினல் கணுவோடு அந்தக் கணுவையும் தேடி எடுத்துச் சோதிக்க முடியும். சில நிமிட வேலை இது. மறந்துவிட்டால் பிறகு ஈடுசெய்ய வழியில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு கண்காணிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்தால் நோய் திரும்புவதை முன்கூட்டிப் பிடிக்கலாம், முன்கூட்டிப் பிடித்தால் உயிர் காக்கலாம் என்று நினைப்பது இயல்பு. இந்த நம்பிக்கையை இத்தாலியில் இரு ஆய்வுகள் சோதித்தன. இரண்டும் 1994-இல் ஒரே இதழில் வெளிவந்தன. 20 மருத்துவமனைகளில் 1,320 பெண்களைக் கொண்ட முதல் ஆய்வில், குறித்த காலத்தில் எலும்பு ஸ்கேன், கல்லீரல் அல்ட்ராசவுண்ட், மார்பு எக்ஸ்ரே, இரத்தச் சோதனை எல்லாம் செய்த குழுவில் இறந்தவர்கள் 20 சதவீதம். மருத்துவப் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும் செய்த குழுவில் 18 சதவீதம். 1,243 பெண்களைக் கொண்ட இரண்டாவது ஆய்வில் ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுத்தார்கள். பரவல் சற்று முன்னதாகத் தெரிந்தது. ஐந்தாண்டு இறப்பு விகிதம் இரு குழுவிலும் 18.6, 19.5 சதவீதம் என ஏறக்குறைய ஒன்றுதான். தொலைவில் பரவிய நோயைச் சற்று முன்பே அறிவதால் ஆயுள் நீளவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழும் காலம்தான் சற்று நீண்டது. அந்த ஆய்வுகள் நடந்தபோது இன்றைய மருந்துகளும் பெட் சிடியும் இல்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் அறிகுறியற்றவர்களுக்கு வழக்கமாக முழு உடல் ஸ்கேன் பரிந்துரைக்கும் நிலைக்கு முதன்மையான வழிகாட்டிகள் இன்னும் வரவில்லை. கதிர்வீச்சையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒரு மேமோகிராமில் அது 0.4 மில்லிசீவர்ட் அளவு. இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியில் 2.4, ஒரு முழு பெட் சிடி 20-ஐயும் தாண்டக்கூடும்.

கட்டாயம் எடுக்க வேண்டியது மேமோகிராம். காப்பாற்றப்பட்ட மார்பிலும் மறு மார்பிலும் தோன்றும் புதிய கட்டி, பரவலைப் போலன்றி, குணப்படுத்தக்கூடியது. கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் முதல் படம், பிறகு ஆண்டுதோறும் என்பது பரவலான வழக்கம். முதலிரு ஆண்டுகளில் தழும்பும் கொழுப்புச் சிதைவும் புற்றைப் போலவே மிரட்டும். காலம் செல்லச் செல்லத் தழும்பு சுருங்கும், புற்று வளரும். ஆண்டுதோறும் என்பதும் மாறாத விதியன்று. அறுவை முடிந்து மூன்றாண்டு கடந்த, 50 வயதுக்கு மேற்பட்ட 5,235 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த மேமோ-50 ஆய்வு, மார்பகம் காத்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் முழு மார்பகம் அகற்றியவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் எடுத்தாலே ஆண்டுதோறும் எடுப்பதற்குக் குறைவில்லை என்று 2025-இல் காட்டியது. அகற்றிய பக்கத்தில் வழக்கமான படம் எதுவும் வேண்டியதில்லை. அங்கே கையும் கண்ணும் போதும்.

நோயைத் தேடாமல் மருந்தின் விளைவைத் தேடும் படங்களும் கண்காணிப்பில் அடங்கும். ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் பெறுவோருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்து இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறனை அளப்பார்கள். அரோமடேஸ் தடுப்பி மாத்திரை எலும்பைத் தேய்ப்பதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவை. தமாக்சிஃபென் உண்பவருக்கு உதிரப்போக்கு இல்லாதபோது கருப்பையை வழக்கமாக ஸ்கேன் செய்வதில் பயனில்லை. அந்த மருந்தாலேயே கருப்பையின் உட்சுவர் தடித்துத் தெரிந்து வீண் பீதிதான் மிஞ்சும்.

அறிகுறி தோன்றினால் தயக்கம் கூடாது. வாரக்கணக்கில் விடாத முதுகுவலியோடு கால் மரத்துப்போனால் முதுகுத்தண்டு முழுவதற்கும் அவசர எம்ஆர்ஐ வேண்டும். ஒரு நாள் தாமதம் நடையைப் பறித்துவிடும். பரவிய நோயின் சிகிச்சையை அளக்கும்போது, குறித்துவைத்த புண்களின் மொத்த நீளம் 30 சதவீதம் குறைந்தால் மருந்து பலிக்கிறது, மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடினால் பலிக்கவில்லை என்பது 2009-இன் ரெசிஸ்ட் விதி. எலும்பில் இந்தக் கணக்கு எளிதில் செல்லாது. மருந்து பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போது, முதல் சில மாதங்களில், எலும்பு ஸ்கேன் முன்னைவிடப் பிரகாசமாகத் தெரியும். முன்பு தெரியாத புள்ளிகளும் தலைகாட்டும். ஆறுகிற புண்ணை நோய் வளர்ச்சி என்று படித்து நல்ல மருந்தை நிறுத்திவிடும் ஆபத்து இங்கே உண்டு.

இந்த ஆபத்தைத் தவிர்க்கப் பெரும்பாலும் தேவைப்படுவது புதிய ஸ்கேன் அல்ல, பழைய ஸ்கேன். கதிரியல் மருத்துவர் புதுப் படத்தை எடுத்தவுடன் கேட்பது, ‘பழைய படம் இருக்கிறதா?’ என்றுதான். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படச்சுருளோ குறுந்தகடோ கையில் வேண்டும். மேமோகிராம், எம்ஆர்ஐ, பெட் எதுவானாலும் தேதி வரிசையில் ஒரே பையில் போட்டு வைத்து, மருத்துவமனை மாறினாலும் ஒவ்வொரு முறையும் உடன் கொண்டுவர வேண்டுகிறோம்.